பிரேக் ஆயில் எண்ணெய் அல்ல: பழைய கார் கேள்வி–பதில்

பழைய கார்களின் பிரேக் வேலையைத் தாங்களே செய்துகொள்ள விரும்பும் வாசகர்களின் கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். எல்லாம் ஏ.பி.எஸ். (பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் மின்னணு அமைப்பு) இல்லாத வண்டிகள்: மாருதி 800, ஜென், அம்பாசிடர், பத்மினி. ஏ.பி.எஸ். உள்ள காருக்கு இங்கே சொல்லும் ஏர் எடுக்கும் முறை, அதாவது பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றும் முறை, அப்படியே பொருந்தாது.

எந்தக் கேள்விக்கும் முன்னால் ஒன்று. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்தான், தாங்கிப் பிடிப்பதற்கு அல்ல. சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஸ்டாண்டில் இறக்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்ட் ஆகாது. விரிசல் விட்டதைச் சொல்லாமலே நொறுங்கும்.

கேள்வி: 1998 மாடல் மாருதி 800 வைத்திருக்கிறேன். முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலேயே நிற்கிறது. ஏர் புகுந்திருக்கிறது என்கிறார்கள். வீட்டிலேயே ஏர் எடுக்கலாமா? எவ்வளவு ஆயில் வாங்க வேண்டும்? — வாசகர், காரைக்குடி

எடுக்கலாம். ஆனால் உங்கள் வண்டியில் ஏர் இருக்கிறதா என்பதுதான் சந்தேகம். இரண்டாவது மிதியில் பெடல் கெட்டியாக நிற்கிறது என்றால், பெரும்பாலும் பின் டிரம்மில் (சக்கரத்தோடு சுழலும் உருளை) ஷூவுக்கும் (அதை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வளைந்த பாகம்) டிரம்முக்கும் இடைவெளி கூடிப்போயிருக்கும். முதல் மிதியில் தள்ளப்படும் ஆயில் ஷூவை டிரம்வரை நகர்த்துவதிலேயே தீர்ந்துவிடுகிறது. ஷூ திரும்பிப் போவதற்குள் நீங்கள் மறுபடி மிதித்துவிடுவதால் இரண்டாவது மிதி கெட்டியாகிறது. ஏர் இருந்தால் பெடல் பஞ்சை மிதிப்பது போல இருக்கும். பம்ப் பண்ணப் பண்ண உயரம் கூடலாம், ஆனால் அந்தப் பஞ்சுத்தன்மை போகாது. மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கையில் பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கும். அது மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது ஆயிலைத் தள்ளும் சிலிண்டர்) ரப்பர் கப் வழிவிடுவது, அல்லது எங்கோ வெளியே ஒழுகுவது.

சோதிப்பது எளிது. ஹேண்ட் பிரேக்கைப் பாதி இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் சட்டென்று உயர்ந்து நின்றால் குற்றம் பின் ஷூவில். டிரம்மைக் கழற்றிப் பாருங்கள். தானாக இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் பல்லும் கட்டையும் துரு ஏறி இறுகியிருக்கும். கம்பி பிரஷால் சுத்தம் செய்து, கையால் நகர்த்தினால் பல் பல்லாக நகர்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். ஷூவின் மேல் இருக்கும் உரசும் பட்டையான லைனிங் தேய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கிப் பெடலை உயர்த்தும் குறுக்குவழி வேண்டாம். கேபிள் இழுத்துப் பிடித்தபடி இருந்தால் அந்தத் தானியங்கிப் பல் வேலையே செய்யாது. நாளடைவில் ஷூ உரசிச் சூடாகும்.

அதன் பிறகும் பஞ்சாக இருந்தால் ஏர் எடுங்கள். ஏர் மட்டும் எடுக்க சீல் உடைக்காத 500 மி.லி. பாட்டில் ஒன்று போதும். பழைய ஆயிலை முழுதாக மாற்றுவதென்றால் 1 லிட்டர் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகுதான் நிப்பிள்; அதற்குச் சரியான ரிங் ஸ்பானர் வேண்டும். பெரும்பாலும் 8 அல்லது 10 மி.மீ. இருக்கும். ஓப்பன் ஸ்பானர் போட்டால் நிப்பிளின் ஆறு முனையும் மழுங்கிவிடும். நிப்பிளில் இறுக்கமாகப் பொருந்தும் ஒளி ஊடுருவும் டியூப் ஒன்றரை அடி, ஒரு கண்ணாடி பாட்டில், உதவிக்கு ஓர் ஆள். முதல் நாள் இரவே நிப்பிள்களைச் சுற்றித் துருப்பிடி விலக்கும் ஸ்பிரே கொஞ்சம் அடித்து வையுங்கள். மறுநாள் சுற்றிலும் லேசாகத் தட்டிவிட்டுத் திருகுங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். நிப்பிள் உள்ளே முறிந்தால் அதைத் துளைத்து எடுக்கும் கூலியைவிடப் புது வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சிலிண்டர்) மலிவு.

ரிசர்வாயரில் (மாஸ்டர் சிலிண்டருக்கு ஆயில் கொடுக்கும் தொட்டி) இருக்கும் கறுத்த ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்புங்கள். அந்த அழுக்கை ஏன் பைப் முழுக்க ஓட்டிக்கொண்டு போக வேண்டும்? பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குங்கள். நம் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அது இடது பின் சக்கரம். அடுத்து வலது பின், இடது முன், வலது முன். சில வண்டிகளில் பைப் குறுக்காகப் பிரிந்து போகும், அவற்றின் கையேட்டில் வேறு வரிசை சொல்லியிருந்தால் கையேட்டையே கேளுங்கள்.

டியூப்பின் மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக இரண்டு மூன்று தடவை மிதித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு “பிடிச்சாச்சு” என்று குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்று திறக்கிறீர்கள். ஆயிலும் குமிழியும் வரும், பெடல் இறங்கும். நிப்பிளை மூடி “விடு” என்று நீங்கள் சொன்ன பிறகுதான் காலை எடுக்க வேண்டும். மூடுமுன் காலை எடுத்தால் வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பும். ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ரிசர்வாயரைப் பாருங்கள். அது ஒருமுறை வற்றிவிட்டால் மாஸ்டருக்குள்ளேயே காற்று போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

பலரும் விடுகிற இடம் இது. பெடலுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை ஒன்று போட்டுவிடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் கப் தினமும் போய்வரும் பகுதி வழுவழுவென்று இருக்கும். அதற்கு அப்பால் இருக்கும் பகுதியில் அழுக்கும் துருவும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதித்தால் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். ‘ஏர் எடுக்கப் போன வண்டி மாஸ்டர் போய் வந்தது’ என்ற புலம்பலுக்குப் பாதி காரணம் இதுதான்.

டியூப்பில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்து, பெடல் மட்டும் கெட்டியாக இருந்தால் பயப்பட வேண்டாம். திறந்திருக்கும் நிப்பிளின் மரை வழியாக டியூப்புக்குள் காற்று ஏறுகிறது, அவ்வளவே.

கேள்வி: டிரைவர் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டார். நான்கு நாளாக பிரேக் தானாகவே பிடித்துக்கொள்கிறது. புது பிரேக் ஆயில் ஊற்றி ஓட்டிக் கழுவினால் போதுமா? — வாசகர், பொள்ளாச்சி

போதாது. நம் ஊரில் அதற்கு ‘பிரேக் ஆயில்’ என்று பெயர் வந்ததே இந்த வினைக்கு விதை. அது எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகையைச் சேர்ந்த திரவம். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில், கிரீஸ், மண்ணெண்ணெய், பெட்ரோல் எல்லாம் பெட்ரோலிய வகை. பிரேக்குக்குள் இருக்கும் ரப்பர் இவற்றைக் குடித்து ஊதிவிடும். ஊதிய கப், மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் ரிசர்வாயருக்குத் திரும்பும் பொடித் துளையை அடைத்துக்கொள்ளும். மிதித்த அழுத்தம் இறங்க வழியில்லாமல் போவதால்தான் பிரேக் பிடித்தபடி நிற்கிறது.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு சோதனை: ரிசர்வாயரிலிருந்து சில சொட்டு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் விடுங்கள். பிரேக் திரவம் தண்ணீரோடு கலந்துவிடும். எண்ணெய் கலந்திருந்தால் மேலே கண் கண்ணாக மிதக்கும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பர் ஊதி, மறுபடி அதன் இடத்தில் உட்கார மறுத்தாலும் அதே அர்த்தம்.

வண்டியை ஓட்டாதீர்கள். எண்ணெய் தொட்ட ரப்பர் ஒன்றுவிடாமல் மாற வேண்டும்: மாஸ்டர் சிலிண்டர் கிட் (மாற்று ரப்பர் செட்), ரிசர்வாயரின் அடி வாஷர்கள், மூடி ரப்பர், முன் காலிப்பர் (டிஸ்கைப் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம்) கிட் இரண்டு, பின் வீல் சிலிண்டர் கிட் இரண்டு, ரப்பர் ஹோஸ் எல்லாம். பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு இருந்தால், அதற்குள்ளும் ரப்பர் உண்டு. அதையும் மாற்றிவிடுங்கள். பிறகு இரும்புப் பைப்புகளை இரு முனையும் கழற்றி மெத்திலேட்டட் ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்றடித்து உலர்த்தி, கடைசியில் கொஞ்சம் புது பிரேக் திரவம் விட்டு ஓட்டிவிடுங்கள். பெட்ரோலில் கழுவினால் பழைய கதைதான்.

கிட் போடுமுன் சிலிண்டர் உட்சுவரைப் பாருங்கள். நகத்தை வைத்து இழுத்தால் எங்கேயாவது சிக்குகிறது என்றால் கிட் போட்டுப் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். புது ரப்பரைப் பூட்டும்போது புது பிரேக் திரவத்தில் நனைத்துப் பூட்டுங்கள், சாதா கிரீஸ் கூடாது. வாங்கும்போது பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். பழைய மெக்கானிக்குகள் ‘டி.வி.எஸ். கிர்லிங்’ என்று கேட்டு வாங்கும் சரக்கு, சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவினுடையது. நல்ல பெயர்தான். ஆனால் எந்தப் பெயராக இருந்தாலும் கடை அலமாரியில் பல வருஷம் கிடந்த ரப்பர் ரப்பர் அல்ல.

கேள்வி: டாட் 3 ஊற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு டாட் 4 ஊற்றலாமா? — வாசகர், திருவண்ணாமலை

ஊற்றலாம். டாட் என்பது பிரேக் திரவத்தின் தரக் குறியீடு. இரண்டும் ஒரே குடும்பம், கலந்தாலும் கெடாது. வித்தியாசம் கொதிநிலையில். புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் டாட் 3-க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4-க்கு 230. ஈரம் உறிஞ்சிய பிறகு அதே 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். ஏற்காடு, கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் எட்டக்கூடிய சூடுதான் அது. திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரைக்குப் போகும். ஆற வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல மறுபடி பிடிக்கும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். பாதி தீர்ந்து, திறந்து வைத்த பாட்டிலை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

டாட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிக்கான் வகை. அது வேறு சாதி, கலக்கவே கூடாது. டாட் 5.1 என்பது மறுபடி கிளைக்கால் வகை. பெயர் வைத்தவர்கள் குழப்பியது, நாம் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. பெயின்டில் சிந்தினால் துணியால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றுங்கள். பத்து நிமிஷம் விட்டால் பெயின்ட் சுருங்கிக் கிளம்பும்.

கேள்வி: நான்கு சக்கரமும் டிரம் உள்ள பழைய அம்பாசிடர். ஷூ எல்லாம் புதிதாகப் போட்ட பிறகு பிரேக் மிதித்தால் வண்டி இடது பக்கம் இழுக்கிறது. இடது முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. — வாசகர், மதுரை

அதனால்தான் கிடைக்கவில்லை. வண்டி எந்தப் பக்கம் நன்றாகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். இடது நன்றாகப் பிடிக்கிறது, வலது சோம்பிக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு வலது முன் சக்கரத்தைத் திறங்கள்.

அங்கே முதலில் தேட வேண்டியது ஈரம். லைனிங்கில் கிரீஸ் கறை, வீல் சிலிண்டரின் தூசு ரப்பருக்குள் பிரேக் திரவம். ரப்பர் ஓரத்தை விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே சொட்டு நின்றால் கிட் போட வேண்டும். ஈரம் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி மறுபடி பூட்டும் பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. மேலே காய்ந்தது போலத் தெரியும். பிரேக் சூடானதும் உள்ளே ஊறியது கசிந்து மேலே வரும். தூக்கிப் போட்டுவிட்டு, அச்சின் இரு பக்கத்துக்கும் சேர்த்துப் புது செட் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இழுப்பு நிரந்தரமாகிவிடும்.

அடுத்தது முன் சக்கரத்துக்கே உரிய விஷயம். அங்கே ஒரு சக்கரத்துக்கு இரண்டு வீல் சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒரு ஷூவைத் தள்ளும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது சுழற்சியே இரண்டு ஷூவையும் டிரம்மோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். அதனால்தான் டிரம்மாக இருந்தும் முன்பக்கம் நன்றாகப் பிடிக்கிறது. ரிவர்ஸில் போகும்போது பிரேக் மந்தமாக இருப்பதும் அதே காரணத்தால். இந்த அமைப்பில் இரண்டு சிலிண்டரில் ஒன்று ஜாம் ஆனால்கூடப் பாதி பிரேக் போய்விடும், ஆனால் மற்றது வேலை செய்வதால் பார்வைக்குப் பிடிபடாது. ஒருவரை மிக மெதுவாக, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் பெடலை மிதிக்கச் சொல்லி, இரண்டு பிஸ்டனும் நகர்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். டிரம் கழற்றிய நிலையில் இதற்கு மேல் மிதித்தால் பிஸ்டன் வெளியே தெறிக்கும்.

வேலை பார்த்தவர் வலது பக்க சிலிண்டர்களை இடது பக்கத்துக்கு மாற்றிப் பூட்டியிருந்தாலும் இதே தொல்லை. தள்ளும் திசை தலைகீழாகிவிடும். பிடிப்பு பலமடங்கு குறையும். ஸ்பிரிங் தவறான துளையில் மாட்டியிருப்பதும் சகஜம். அதற்கு ஒரே மருந்து, ஒரு பக்கத்தைப் பூட்டி முடிக்கும்வரை மறுபக்கத்தைக் கழற்றாமல் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்வது. இப்போது எல்லாரிடமும் கேமரா உள்ள போன் இருக்கிறது, கழற்றுமுன் நான்கு படம் எடுங்கள்.

எல்லாம் சரி, இன்னும் இழுக்கிறதா? அட்ஜஸ்ட்மென்டைப் பாருங்கள். சக்கரத்தைத் தூக்கி, அட்ஜஸ்டரைச் சக்கரம் அசையாமல் நிற்கும்வரை இறுக்குங்கள். பெடலை ஒருமுறை பலமாக மிதித்து விடுங்கள், ஷூ நடுவில் போய் உட்காரும். மறுபடி கொஞ்சம் இறுகும். பிறகு சக்கரம் தடையில்லாமல் சுழலும்வரை தளர்த்துங்கள். லேசாக ‘ஸ்ஸ்’ என்ற உரசல் கேட்டால் தவறில்லை. முன் சக்கரத்தில் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு அட்ஜஸ்டர் உண்டு. ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு வந்துவிடுகிறார்கள். நான்கு சக்கரத்தையும் முடித்த பிறகே ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட வேண்டும்.

கூடவே பின் சக்கரத்தையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். பின் ஆக்சில் சீல் கசிந்தால் கியர் ஆயில் ஷூவில் வந்து சேரும். முகர்ந்தால் தெரியும், கந்தக நெடி. சீலை மாற்றாமல் ஷூவை மட்டும் மாற்றினால் மூன்று மாதத்தில் மறுபடி அதே வேலை.

டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்கு ஆகாது. சோப்புத் தண்ணீரில் நனைத்த பிரஷால் கழுவி, கீழே தட்டு வைத்துப் பிடித்துக் கொட்டுங்கள்.

கேள்வி: ஜென் காரில் ஒரு முன் சக்கரம் மட்டும் தொட முடியாத அளவு சூடாகிறது. காலிப்பர் மாற்ற வேண்டும் என்கிறார்கள். — வாசகர், கோயம்புத்தூர்

மாற்றுவதற்குமுன் ஐந்து நிமிஷச் சோதனை ஒன்று இருக்கிறது. சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கை மிதித்து விட்டுவிட்டுச் சுற்றிப் பாருங்கள். இறுகி நிற்கும். இப்போது அந்தச் சக்கரத்தின் நிப்பிளைத் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே லேசானால் காலிப்பர் குற்றவாளி அல்ல. அழுத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் உள்ளே அடைபட்டிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் என்பதால் ரப்பர் ஹோஸ் மீதுதான் சந்தேகம். வெளியே புதிது போல இருக்கும், உள்ளே ஊதி வழி குறுகியிருக்கும். மிதிக்கும் பலத்தில் ஆயில் உள்ளே போய்விடும், தானாகத் திரும்பி வர முடியாது. இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து இறுகினால் மாஸ்டர் சிலிண்டரையும் பெடலின் ஃப்ரீ பிளேயையும் (மிதி தொடங்கும் இடத்து வெற்றசைவு) பாருங்கள். பெடல் முழுதாக மேலே வராமல் ஸ்டாப் லைட் ஸ்விட்ச் தடுத்துக்கொண்டு நிற்பதும் உண்டு.

நிப்பிளைத் திறந்தும் இறுக்கம் குறையவில்லை என்றால்தான் காலிப்பர். அதிலும் பாதி நேரம் பிஸ்டன் அல்ல, காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்தான் காய்ந்து பிடித்திருக்கும். அடையாளம்: உள் பேடும் வெளிப் பேடும் ஒரே அளவு தேயாமல் ஒன்று மட்டும் தகடாகியிருக்கும். பின்னைக் கழற்றி, துருவைத் துடைத்து, ரப்பருக்கு ஒத்துக்கொள்ளும் சிலிக்கான் கிரீஸ் மெல்லப் பூசிப் பூட்டுங்கள். சாதா கிரீஸ் வைத்தால் அதன் ரப்பர் உறை ஊதிப் பின்னை இன்னும் இறுக்கும்.

பிஸ்டன்தான் என்றால், ஹோஸைக் கழற்றுமுன்பே எதிரில் ஒரு மரக்கட்டை வைத்துப் பெடலை மெதுவாக மிதித்துப் பிஸ்டனை வெளியே தள்ளிக்கொள்ளுங்கள். கம்ப்ரஸர் காற்றால் தள்ளினால் குண்டு போல வரும், விரல் நடுவில் இருந்தால் போச்சு. சீல் உட்காரும் பள்ளத்தைக் குச்சியால் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள், ஸ்குரூடிரைவர் வேண்டாம். அந்தச் சதுர வெட்டு ரப்பர் வளையம்தான் பிரேக் விட்டதும் பிஸ்டனை இம்மியளவு பின்னுக்கு இழுக்கிறது. பள்ளத்தில் துரு நிறைந்திருந்தால் புது சீல் போட்டாலும் இழுக்காது. பிஸ்டன் முலாம் பொத்தலாகியிருந்தால் பிஸ்டனையும் மாற்றுங்கள். ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் இருக்கும் செப்பு வாஷர் இரண்டும் புதிதாக இருக்கட்டும். வேலை முடியும்வரை காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று வருஷமாக ஷெட்டில் நிற்கும் பத்மினியின் பின் சக்கரங்கள் அசையவில்லை. பிரேக் பைப் ஒன்றும் துருவில் பொத்தல். ஏ.சி.க்குப் போடும் செப்புக் குழாயை வளைத்துப் போட்டுவிடலாம் என்கிறார் ஒருவர். — வாசகர், நாகப்பட்டினம்

கடற்கரைக் காற்றில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியிருப்பீர்கள். லைனிங் டிரம்மோடு துருவில் ஒட்டிவிட்டது. கியர் போட்டுக் கிளட்சை விட்டுத் திமிறினால் விடுபடும், ஆனால் லைனிங் ஷூவிலிருந்து பிய்ந்துகொண்டும் வரலாம். பிய்ந்த துண்டு டிரம்முக்குள் சிக்கினால் ஓடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஹேண்ட் பிரேக் கேபிளையும் அட்ஜஸ்டரையும் முழுதாகத் தளர்த்துங்கள். டிரம் முகத்தில் மரக்கட்டை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் வார்ப்பு விரியும். நடுவில் ஹப்பைச் சுற்றி மட்டும் துரு ஸ்பிரே. டிரம்முக்குள் போகக் கூடாது. கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் தேய்ந்த டிரம்மின் ஓர விளிம்பு ஷூவில் மாட்டுகிறது என்று அர்த்தம், இன்னும் தளர்த்துங்கள். திறந்ததும் வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றையும் போனதாகவே வைத்துக்கொண்டு மாற்றிவிடுவது நல்லது. இனிமேல் நீண்ட நாள் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி வையுங்கள்.

செப்புக் குழாய் கூடவே கூடாது. டயரில் இருப்பது 30 பி.எஸ்.ஐ. சுமார். அவசரமாக மிதிக்கும்போது பிரேக் பைப்பில் ஆயிரத்தைத் தாண்டும். சுத்தச் செம்பு அதிரஅதிர இறுகி, நட்டுக்குப் பக்கத்தில் வெடிக்கும். பிரேக்குக்கு உரியது இரட்டைச் சுவர் இரும்புப் பைப். வழக்கமான வெளிவிட்டம் 4.76 மி.மீ., கடையில் 3/16 அங்குலம் என்பார்கள். முனையை ஒருமுறை விரித்தால் போதாது, விரித்ததை உள்ளே மடித்து இரட்டை ஃபிளேராக்க வேண்டும். பழைய முனை எந்த வடிவம் என்று பார்த்து அதே வடிவம் கேளுங்கள். குமிழ் வடிவத்துக்கான இடத்தில் புனல் வடிவத்தைப் பூட்டினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டு முனையை விரியுங்கள். சிரிக்காதீர்கள், எல்லாரும் ஒருமுறையாவது மறப்பது இதைத்தான். பழைய நட்டைக் கழற்ற வாய் வெட்டிய ஃபிளேர் நட் ஸ்பானர் வாங்குங்கள். புதுப் பைப்பைப் பழைய கிளிப்புகள் எல்லாவற்றிலும் மாட்டுங்கள். ஆடும் பைப் நாளைக்கு உடையும்.

கேள்வி: பெடல் கல் மாதிரி இருக்கிறது; உதைத்து மிதித்தால்தான் நிற்கிறது. — வாசகர், தூத்துக்குடி

பூஸ்டர் (எஞ்சினின் வாக்குவத்தைக் கொண்டு மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பாகம்) உள்ள வண்டி என்றால் எஞ்சினை நிறுத்தி, ஐந்தாறு முறை மிதித்து, கடைசி மிதியில் அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவில்லை என்றால் பூஸ்டரை வாங்க ஓடாதீர்கள். எஞ்சினிலிருந்து வரும் வாக்குவம் ஹோஸில் வெடிப்பு, அதிலிருக்கும் ஒருவழி வால்வு, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். எங்கும் ஒழுகாமல் ரிசர்வாயர் மட்டும் குறைந்துகொண்டே போய், சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், மாஸ்டரின் பின் சீல் வழியாக ஆயிலைப் பூஸ்டர் குடிக்கிறது.

கேள்வி: புது பேடு போட்டதிலிருந்து கீச் சத்தம். டிஸ்கை லேத்தில் கொடுக்கலாமா? — வாசகர், ஈரோடு

முதலில் டிஸ்கின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சக் கனம் டிஸ்கிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போகுமானால் லேத் செலவு வீண். கீச் சத்தத்துக்கு மட்டும் கடைய வேண்டியதில்லை. பேடின் பின்தகடும் கிளிப்பும் விட்டுப்போயிருக்கின்றனவா பாருங்கள், பேடின் முதுகில் பிரேக்குக்கான சூடுதாங்கும் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள், முகத்தின் இரு ஓரங்களையும் அரத்தால் சாய்வாக ராவிவிடுங்கள். மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் அப்போது லேத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: வேலை முடிந்து வண்டியை வெளியே எடுக்குமுன் என்ன பார்க்க வேண்டும்? — வாசகர், புதுச்சேரி

வண்டியை நகர்த்துமுன் பெடலை மிதியுங்கள். பேடு மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பீர்கள், அதனால் முதல் சில மிதி வெறுமனே போகும். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்தவர்கள் நேராகச் சுவரில் போய் நிற்பார்கள். பெடல் கெட்டியானதும் ஒரு நிமிஷம் முழு பலத்தோடு அழுத்திப் பிடியுங்கள். இறங்கவே கூடாது. அப்படியே பிடித்திருக்கச் சொல்லிவிட்டு, தொட்ட ஒவ்வொரு நட்டையும் நிப்பிளையும் உலர்ந்த வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் துணி சொல்லிவிடும்.

பிறகு காலி இடத்தில் நடக்கும் வேகத்தில் நான்கைந்து முறை நிறுத்திப் பாருங்கள். அடுத்து 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10-க்கு மெதுவாகக் குறைத்து, கொஞ்ச தூரம் ஆறவிட்டு, மறுபடி அதேபோல் பத்து முறை. புது லைனிங் படிய இது வேண்டும். முதல் 300 கிலோமீட்டருக்கு முடிந்தவரை திடீர் பிரேக் வேண்டாம். வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள். இரண்டு முன் சக்கரமும் ஒரே அளவு சூடு இருக்க வேண்டும், இரண்டு பின்னும் அப்படியே. சக்கர நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். இரவு நிறுத்தும் இடத்தில் சக்கரங்களுக்கு அடியில் பழைய நாளிதழ் விரித்துவிட்டுப் போங்கள். காலையில் தாளில் கறையும் ரிசர்வாயரில் குறைவும் இல்லையென்றால் கடைவீதிக்கு எடுத்துப் போகலாம்.